அப்பா அந்த வரிசை, மகள் இந்த வரிசை



1957-இல் கூடிய மக்களவை. திருச்செங்கோட்டில் ஜெயித்துப் போன காங்கிரஸ்காரர் ஒருவர். நம்ம கோயமுத்தூரில் ஜெயித்துப் போன கம்யூனிஸ்ட் அம்மா ஒருவர். அவர் அப்பா, இவர் மகள்! டாக்டர் சுப்பராயன், பார்வதி கிருஷ்ணன். 1959-இல் அப்பா மத்திய மந்திரி ஆகிறார். மகள் எதிர் வரிசையில் இருக்கிறார், மில் தொழிலாளியின் குரலாக.

குமாரமங்கலம் ஜமீன்தாருங்க சுப்பராயன். ஆக்ஸ்போர்டில் படித்தவர். 37 வயதில், 1926 டிசம்பரில், எந்தக் கட்சியும் சாராமல் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி ஆனார். சைமன் கமிஷன் தகராறில் இரண்டு மந்திரிகள் விலகிப் போனார்கள். அவர்கள் போன பிறகு மந்திரியாக வந்த முத்தையா முதலியார்தான், அரசு வேலைகளை வகுப்புவாரியாகப் பங்கிடும் ஆணையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் எனக்கு அவர்மேல் மரியாதை பிறந்தது வேறொரு இடத்தில். 1938-இல் ராஜாஜி மந்திரிசபை பள்ளிக்கூடத்தில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, கல்வி மந்திரி இவர்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறைக்குப் போன நடராசனும் தாளமுத்துவும் உயிரோடு திரும்பவில்லை. அதே சுப்பராயன், 1956-இல் ஆட்சிமொழிக் குழு இந்திக்குச் சாதகமாக அறிக்கை எழுதியபோது, வங்கத்துச் சுனிதி குமார் சட்டர்ஜியைப் போலவே தனியாக மறுப்பு எழுதி வைத்தார். அப்போதும் அவர் காங்கிரஸ்காரர்தான். எத்தனை பேருக்குங்க அந்த நெஞ்சுரம் வரும்?

அப்பாவும் பிள்ளையும் எதிரெதிர் வரிசையில் நிற்பது புதிதில்லைங்க. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வெர்னி என்றொரு பண்ணைக் குடும்பம். உள்நாட்டுப் போர் மூண்டது. அப்பா எட்மண்ட் அரசரின் கொடியைத் தூக்கிப்போய் 1642-இல் களத்தில் மாண்டார். மகன் ரால்ஃப் நாடாளுமன்றத்தின் பக்கம். அந்த வீடு கட்சி பிரிந்தது ரத்தத்தில். குமாரமங்கலத்து வீட்டிலோ ஒரு மகன் பரமசிவம் ராணுவத் தலைமைத் தளபதி, இன்னொரு மகன் மோகன் கம்யூனிஸ்ட், அம்மா ராதாபாய் 1930-இலேயே லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். அத்தனை பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருந்தார்கள்.

1962 அக்டோபரில், மகாராஷ்டிர ஆளுநராக இருக்கும்போதே சுப்பராயன் காலமானார். 12 வருசம் கழித்து இங்கே இடைத்தேர்தல் வந்தது. கதிர் அரிவாள் சின்னத்தில் மறுபடியும் நின்றார் பார்வதி அம்மா. கோயமுத்தூர் அவரை ஜெயிக்க வைத்தது. 1977-இலும் ஜெயிக்க வைத்தது.