குளியலறையின் அழகு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் குளியலறை. இதனைக் கேட்டதும் உங்களுள் சிலர் புன்முறுவல் பூப்பீர்கள். இலக்கியமும் வரலாறும் விஞ்ஞானமும் பேசவேண்டிய இடத்தில் வாளியையும் குவளையையும் பற்றிய பேச்சு எதற்கு என்று எண்ணுவீர்கள். "கூழானாலும் குளித்துக் குடி" என்று சொல்லி வளர்ந்த மக்கள் நாம். எனினும் வீடு கட்டும்பொழுது நாம் கடைசியாக நினைப்பது குளியலறையைத்தான். மிஞ்சிய மூலைக்கு நான்கு சுவர் எழுப்பி, ஒரு குழாயை வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்கிறோம். பின்னர் இருபது முப்பது ஆண்டுகள் கழித்து, சுவர் ஊறிச் சுண்ணாம்பு உதிரும்பொழுது, "இதைப் புதுப்பிக்கவேண்டும்" என்று புறப்படுகிறோம்.

அவ்வாறு புறப்படுவோர் முதலில் போவது கடைத்தெருவுக்கு. அங்கே பளபளவென்று மின்னும் தரை ஓடுகளும், வெள்ளி போல் ஒளிரும் குழாய்களும் கண்ணைப் பறிக்கின்றன. பொருளை வாங்கிய பிறகே அறையைப் பற்றிய சிந்தனை பிறக்கிறது. நான் சொல்ல விரும்புவது இதுதான்: நீர் போகும் வழியையும், வீட்டில் மிகத் தளர்ந்தவர் நடக்கும் நடையையும் முதலில் பாருங்கள், ஓட்டின் நிறத்தை அதன் பிறகு பார்க்கலாம்.

இந்த வரிசை நமக்குப் புதியதன்று. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் மொகஞ்சதாரோவில் வாழ்ந்த மக்கள், தங்கள் வீடுகளில் செங்கல் பாவிய குளியல் மேடைகளை அமைத்தனர். அம்மேடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நீர் அச்சாய்வு வழியே ஓடித் தெருச் சாக்கடையில் சேரும். அந்நகரின் பெருங்குளம் சுமார் 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உடையது. நீர் கசியாதிருக்க அதன் சுவரிடையே நிலக்கீல் பூசினர். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத அப்பூச்சினால்தான் குளம் குளமாக நின்றது.

நம் ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இத்தீவில், உத்தர வீதி, சித்திரை வீதி ஆகியவற்றிலுள்ள பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் அமைப்புத் தெரியும். முகப்பு குறுகியது; ஆழம் மிகுதி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று வரிசையாகச் சென்று, கிணற்றடியிலும் கொல்லையிலும் முடியும். குளிப்பதற்கென்று தனி அறை பல வீடுகளில் இல்லை. ஆண்கள் அம்மாமண்டபப் படித்துறைக்குச் செல்வர். அல்லது கிணற்றடியில் நீர் இறைத்து ஊற்றிக்கொள்வர். பெண்களோ விடியுமுன் எழுந்து, ஓலைத் தட்டியின் மறைவிலோ, கூரையில்லாத அரைச்சுவரின் பின்னோ குளித்து முடிக்கவேண்டும். மழையாயினும் பனியாயினும் அவர்களுக்கு அதுவே குளியலறை. தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு பெண்மக்களுக்கு எத்துணைப் பெரிய பேறு என்பதை இன்றைய மாணவிகள் தம் பாட்டிமாரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பின்னர் மேல்நிலைத் தொட்டியும் மின்சார இறைப்பியும் வந்தன. கொல்லை சுருங்கியது, பல வீடுகளில் கிணறு மூடப்பட்டது. கிணற்றடியின் ஒரு மூலை சுவர் வைத்து அடைக்கப்பட்டது. இவ்வாறு பிறந்தவையே நம் பழைய வீடுகளின் ஐந்தடிக்கு ஆறடிக் குளியலறைகள். திறந்தவெளியில் கதிரவனும் காற்றும் இலவசமாகச் செய்துவந்த உலர்த்தும் வேலையை, மூடிய அறையில் யார் செய்வது என்று அப்பொழுது எவரும் கேட்கவில்லை. இருட்டும், பாசியும், நாற்றமும் அங்கே குடிபுகுந்தன.

என் வீட்டுக் குளியலறையும் அத்தகையதே. எண்பதைக் கடந்த என் தமக்கையார் எங்களோடு தங்க வந்தபொழுது அதைப் புதுப்பிக்க முற்பட்டேன். வேலை தொடங்கும் முன் ஒரு சோதனை செய்தேன். நீங்களும் உங்கள் வீட்டில் அதனைச் செய்து பார்க்கலாம். தரை நன்றாக உலர்ந்திருக்கும் வேளையில், நீர் வெளியேறும் துளைக்கு எதிர் மூலையில் ஒரு குவளை நீரை ஊற்றுங்கள். அது எவ்வழியே செல்கிறது, எங்கே தேங்குகிறது என்பதை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். கால் மணி நேரம் கழித்தும் எங்கே ஈரம் நிற்கிறதோ, அங்கேதான் பாசி பிடிக்கும். அங்கேதான் கால் வழுக்கும். என் தாளில் நீர் துளைக்குச் செல்லாமல் கதவடியை நோக்கிச் சென்றிருந்தது.

கொத்தனார் வந்தார். "வாத்தியாரய்யா, பழைய தரைமேலேயே புது ஓட்டை ஒட்டிவிடலாம். ரசமட்டம் வைத்து மட்டமாகப் போட்டால் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார்.

"மேஸ்திரி, மட்டமான தரை கூடத்துக்குச் சரி. இங்கே தரை சாய்ந்தே இருக்கவேண்டும். ஆறடிக்கு ஒன்றரை அங்குலம் இறக்கித் தாருங்கள்" என்றேன்.

அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் பழைய தரையைப் பெயர்க்கவேண்டும் ஐயா. செலவு கூடும்" என்றார்.

அவர் கூறியது உண்மையே. பழைய தரையின்மேல் ஓட்டை ஒட்டினால் தரை உயரும்; வெளியறையின் தரைக்குச் சமமாகும்; நீர் வெளியே வழியும். ஆதலின் பழையதைப் பெயர்த்து, நீர் கசியாப் பூச்சைத் தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் பூசி, சாய்வு கொடுத்து, அதன்பின் ஓடு பதித்தோம். விலை உயர்ந்த ஓட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி இதற்குச் சென்றது. மறைந்து கிடக்கும் வேலைக்கே முதற் பணம் செலவிடவேண்டும்.

நாற்றத்தைப் பற்றியும் ஒரு சொல். நீர் வெளியேறும் குழாய் நேராகச் சாக்கடைக்குச் சென்றால், சாக்கடைக் காற்று அதே வழியில் வீட்டுக்குள் ஏறும். இதற்கு மருந்து கண்டவர் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர். 1775-ஆம் ஆண்டில் அவர் குழாயை வளைத்து, அவ்வளைவில் சிறிது நீர் எப்பொழுதும் தங்குமாறு அமைத்துக் காப்புரிமை பெற்றார். நீர் இறங்கும், காற்று ஏறாது. நம் ஊரில் தரைத் துளையின் கீழ் வைக்கும் நஹானி டிராப் என்பதும் இதே தத்துவத்தில் அமைந்ததே. நெடுநாள் பூட்டிக் கிடந்த குளியலறை நாறுவதேன்? அவ்வளைவிலுள்ள நீர் வற்றிவிட்டது, வேறொன்றுமில்லை. வாரம் ஒருமுறை ஒரு குவளை நீர் ஊற்றினால் போதும்; வாசனைப் பொருள் வாங்கவேண்டியதில்லை.

இனி, தளர்ந்தவர் நடையைப் பார்ப்போம். உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதனால் உயிரிழக்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அவர்களுள் முதியோரே மிகுதி. நம் வீடுகளில் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் முதியவரைக் கேட்டால், பலர் கூறும் விடை, "குளியலறையில் வழுக்கிற்று" என்பதே. அதிலும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நம் வழக்கம். நல்லெண்ணெயும் சீயக்காயும் தரையில் படிந்தால், கடையில் கண்ட பளபளப்பே பகையாகிவிடும். ஆதலின் தரைக்குச் சொரசொரப்பான, அளவிற் சிறிய ஓடுகளே ஏற்றவை. ஓடு சிறியதாயின் இடையிலுள்ள கோடுகள் மிகும். அவை காலுக்குப் பிடிப்புத் தரும்.

சுவரில் உறுதியான கைப்பிடி ஒன்று வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழ முயல்வோர் கம்பியோடு விழுவர். ஆதலின் மனிதரின் எடையைத் தாங்கும் பிடியாகச் செங்கற்சுவரில் ஆழமாகப் பதிக்கவேண்டும். கதவு வெளிப்புறம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உட்புறம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துவிடும். உதவிக்கு வருபவர் உள்ளே நுழைய முடியாது. வெளிப்புறம் திறக்கும் கதவினால் அவ்வைந்தடி அறையில் நடமாடும் இடமும் மிகும். ஒரே மாற்றத்தில் இரண்டு நன்மை.

ஈரமும் மின்சாரமும் ஒன்றுக்கொன்று ஆகா. வெந்நீர்க் கருவிக்கு நிலக்கம்பி இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து, 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியை வீட்டில் பொருத்துவது உயிருக்குக் காவல். எரிவாயுவால் இயங்கும் கீசரைக் காற்றோட்டமற்ற சிற்றறைக்குள் வைத்தல் கூடவே கூடாது. அது அறையின் பிராண வாயுவைக் குறைத்து, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு நஞ்சைப் பரப்பும். குளிப்பவர் அறியாமலே மயங்குவார்.

இவ்வளவும் ஆன பிறகு அலங்காரத்துக்கு வருவோம். சிறிய அறையைப் பெரிதாகக் காட்டுவது வெளிச்சமே. உயரத்தில் ஒரு வென்டிலேட்டரோ, கூரையில் ஒரு கண்ணாடி ஓடோ இருந்தால் பகலில் விளக்கு வேண்டா. திருச்சிராப்பள்ளியின் வெயில் தரையையும் உலர்த்திவிடும். சுவருக்கு வெண்மையோ இளமஞ்சளோ பூசினால் ஒளி பரவும். சாளரத்துக்கு எதிரே நிலைக்கண்ணாடி வைத்தால் அவ்வொளி இரட்டிக்கும். பொருள்களைத் தரையில் பரப்பாதீர்கள். நம் முன்னோர் சுவரிலே விளக்கு மாடம் குடைந்தனரன்றோ? அதே மாடம் சவர்க்காரத்துக்கும் சீயக்காய்க்கும் இருக்கையாகும், இடத்தையும் அடைக்காது. ஆத்தங்குடி ஓட்டில் ஆசையுள்ளவர், கண்ணாடித் தகட்டின்மேல் கையால் வார்க்கும் அவ்வழகிய சிமெண்டு ஓடுகளைச் சுவரின் மேற்பகுதியில் ஒரு வரிசை பதிக்கலாம். நனையும் தரையில் அவை வழுக்கும்; கறையும் பிடிக்கும். பாட்டியின் செப்புத் தவலையைத் தேய்த்து ஒரு மூலையில் வையுங்கள். அதைவிடச் சிறந்த அலங்காரத்தை எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. நம் நாட்டு அளவுமுறையின்படி நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர். அதில் குளிப்பதற்கு 55 லிட்டர். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் பொழியும் பூந்தூவிக் குழாயின்கீழ் ஐந்தரை நிமிடம் நின்றால் அப்பங்கு தீர்ந்துவிடும். பதினெட்டு லிட்டர் வாளியில் குளிப்பவர் மூன்று வாளிக்கும் மேல் பயன்படுத்தலாம். காவிரி கரை தழுவி ஓடினாலும், அதில் நீர் குறைந்து மணல் தெரியும் கோடைகளை நாம் கண்டவர்கள்தாமே!

இறுதியாக, இவ்வறையைத் துலக்குவது யார்? பல வீடுகளில் தாயார். சில வீடுகளில் பணிப்பெண். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு வெண்மையாகப் படிந்தால், கடும் அமிலத்தை ஊற்றி அவர்கள் தேய்க்கின்றனர். அமிலத்தோடு சலவைத் தூள் கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். இரசாயனம் படிப்பவர் இதனை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். தரையை நாள்தோறும் துடைத்து உலரவிட்டால் அமிலத்துக்கே தேவை இராது.

பழைய வீடுகளில் கொல்லைக் கோடியில் கழிப்பிடம் இருந்தது. பின்சந்து வழியே வந்து, மனிதர் மலத்தை மனிதரே கையால் அள்ளிச் சென்றனர். அக்கொடுமையைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. வீட்டைப் புதுப்பிக்கும்பொழுது மலத்தொட்டியின் மூடியை ஓட்டின்கீழ் மறைத்துவிடாதீர்கள். ஊர்தியின் குழாய் எட்டுமாறு வையுங்கள். வழி அடைபட்டால் ஓர் ஏழையை உள்ளே இறங்கச் சொல்லும் எண்ணம் எழும். நம் குளியலறையின் அழகுக்கு இன்னொருவர் உயிரை விலையாகக் கொடுக்கலாகாது.

பராமரிப்புக்கு நம் திருச்சியே சான்று காட்டுகிறது. கிராமாலயா என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையோடு, கல்மந்தைக் குடிசைப்பகுதிப் பெண்கள் சமுதாயக் கழிப்பிடத்தைத் தாமே நிர்வகித்தனர். சிறு கட்டணம் பெற்று, கணக்கு எழுதி, தூய்மையும் பழுதும் பார்த்தனர். 2002-இல் அப்பகுதி திறந்தவெளிக் கழிப்பு ஒழிந்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கே பளிங்கு இல்லை, பொறுப்பு இருந்தது.

மாணவச் செல்வங்களே! நாளை வீடு கட்டப்போகிறவர்கள் நீங்கள். பொறியாளராகவும், மருத்துவராகவும், இல்லத்தை நடத்துவோராகவும் ஆகப்போகிறவர்கள் நீங்கள். வரும் ஞாயிறன்று ஒரு குவளை நீரும், ஓர் அளவுகோலும், ஒரு தாளும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக் குளியலறைக்குள் செல்லுங்கள். நீர் தேங்கும் இடத்தைக் குறியுங்கள். வீட்டில் மூத்தவரை அழைத்து, எங்கே கை ஊன்றுகிறார், எங்கே தயங்குகிறார் என்று கேட்டு, அதையும் குறியுங்கள். அத்தாளை உங்கள் தந்தையாரிடமும் தாயாரிடமும் கொடுங்கள். கடைக்குச் செல்லும் முன் அவர்கள் கையில் இருக்கவேண்டிய பட்டியல் அதுவே.