கூப்பிட்டும் திரும்பாத வீட்டுக்காரர்

சவுக்குத் தோப்பில் அவர் மெஷின் ரம்பம் பிடிக்கிறார். நீங்கள் கிளை கழித்துப் பட்டை உரிக்கிறீர்கள். ராத்திரி கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. "திமிரைப் பாரு" என்று சண்டை. திமிர் இல்லையம்மா, காது! அந்தச் சத்தம் 100 டெசிபலுக்கு மேல். தினம் 8 மணி நேரம் கேட்டால் 85-லேயே காது கெடும். கெட்டது திரும்ப வராது. பஞ்சு போதாது, காதுமூடி வாங்குங்கள்.

ஐயா, குளிர்ந்த காலையில் விரல் வெளுத்து மரத்துப் போகிறதா? ரம்பத்தின் அதிர்வு செய்கிற வேலை அது. பீடி இன்னும் கூட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

மரம் 40 அடி என்றால், அறுக்கும்போது நீங்களும் பிள்ளைகளும் 80 அடி தள்ளி நில்லுங்கள். காதை மூடியவருக்குக் குரல் கேட்காது. கண்ணில் படும்படி நின்று கையைக் காட்டுங்கள்.