மலைப் பாதையும் எங்கள் பழைய வண்டிகளும்

(யூபிலி விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பங்கின் வரலாற்றை மலரில் எழுதக் கற்றவர்கள் பலர் இருக்கிறார்கள். லாரி ஓட்டியும், லாரியில் கிளீனராகத் தொங்கியும் காலத்தைக் கழித்த எங்களையும் மேடைக்கு அழைத்திருக்கிறீர்கள். "உங்கள் வாலிப வயதின் வண்டிக் கதைகளைச் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும்" என்றார் பங்குத் தந்தை. அந்நாளில் நாங்கள் ஐந்து பேர். இன்று மூவர் இருக்கிறோம். போய்ச் சேர்ந்த இருவரையும் சேர்த்துக்கொண்டே "நாங்கள்" என்று பேசுகிறோம்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். இருபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் வியர்த்தவன் ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரத்துக்கு வந்து கம்பளி தேடுவான். இன்று உங்கள் கார் இதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. 1960-களில் சுமை ஏற்றிய லாரிக்கு அது அரை நாள் வேலை. மேலே வருவது அரிசி, சிமெண்டு, உர மூட்டை. கீழே போவது காபி, மிளகு, ஆரஞ்சு, சில்வர் ஓக் மரம். அந்நாளில் விளைந்த காபியைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்கே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கட்டாயம் முழுவதுமாக நீங்கியது 1996-ல்தான். ஆகவே அறுவடைக் காலத்தில் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. 1965-ல் மேட்டூர் அலுமினிய ஆலையில் உற்பத்தி தொடங்கியபின் நம் மலையின் பாக்சைட் மண்ணை ஏற்றிக்கொண்டு வேறு லாரிகளும் இறங்கின. அந்த ஓட்டுநர்களின் சட்டையைப் பார்த்தாலே எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரியும். அத்தனை செம்மண்.

எங்கள் முதல் வண்டி மூக்கு நீண்ட ஒரு பழைய பெட்ரோல் லாரி. ஏற்றத்தில் இன்ஜின் சூடேறினால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும், வண்டி நின்றுவிடும். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்போம். ரேடியேட்டர் கொதித்தால் கிளீனர் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு ஓட வேண்டும். வண்டி நின்ற அந்த நொடியில் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு மரக்கட்டை எப்போதும் கிளீனர் கையில் இருக்கும். கட்டை இல்லாவிட்டால் சாலையோரத்துக் கல். இந்தக் கல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பேச்சே அதைப் பற்றியதுதான்.

மூத்த ஓட்டுநர்கள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவை இரண்டு. முதலாவது, எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. 1973-ல் உலகெங்கும் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியபோது, மிச்சம் பிடிக்கிறோம் என்று நியூட்ரலில் வண்டியை உருட்டி இறக்கியவர்கள் உண்டு. அப்படி இறக்கினால் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். டிரம் சூடேறி விரியும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. இரண்டாவது, இறங்குகிறவன் நின்று ஏறுகிறவனுக்கு வழி விடு. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி நகர்த்துவது பெரும்பாடு என்பதால் வந்த முறை இது. 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலும் இதுவே எழுதப்பட்டது.

இனி மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். மலையில் அப்போது விரல் விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தன. ஒன்று புல்லட். 1955-ல் இங்கிலாந்து நாட்டுக் கம்பெனியுடன் சேர்ந்து சென்னையில் தொடங்கப்பட்ட தொழில். திருவொற்றியூரிலிருந்து வந்த வண்டி என்பதால் நமக்கு அது உள்ளூர்ப் பிள்ளைதான். மற்றொன்று ஜாவா. செக்கோஸ்லோவாகியா நாட்டு வண்டியை 1960-களின் தொடக்கம் முதல் மைசூரில் செய்தார்கள். பின்னர் அதுவே எஸ்டி என்று பெயர் மாறியது. அந்த ஆலை 1996-ல் மூடப்பட்டது. ஜாவாவுக்குப் பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து ஊற்ற வேண்டும். வளைவுக்குக் கீழே வரும்போதே அதன் சத்தமும் நீலப் புகையும் ஆளைச் சொல்லிவிடும். அதில் ஒரு விசேஷம், உதைத்துக் கிளப்புகிற கம்பியும் கியர் கம்பியும் ஒன்றே. இரண்டும் இடது காலுக்கு உரியவை.

நம் மலையில் ஜாவா வைத்திருந்தவர் ஒரு கம்பவுண்டர். பெயர் வேண்டாம், பெரியவர்களுக்குத் தெரியும். நாங்கள் அவரைக் கம்பவுண்டர் அண்ணன் என்போம். எஸ்டேட் லயன்களுக்கும் மலைவாழ் மக்களின் சிற்றூர்களுக்கும் அந்த வண்டியில்தான் மருந்துப் பெட்டி போகும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாங்கள் வண்டியைத் துடைத்துக் கொடுப்போம். கூலியாக ஒரு சுற்று ஓட்டத் தருவார். எங்கள் ஐவரில் நால்வர் மோட்டார் சைக்கிள் பழகியது அந்த ஜாவாவில்தான். பழகும்போது விழுந்து முழங்காலைப் பேர்த்துக்கொண்டால் மருந்து போடுவதும் அவர்தான்.

1969-ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் ஓர் இரவு. லயனில் ஒரு தாய்க்கு இரண்டு நாளாகப் பிரசவ வலி. கார் எதுவும் கிடைக்கவில்லை. கம்பவுண்டர் அண்ணன் எங்கள் கதவைத் தட்டினார். "லாரி எடுங்கடா தம்பிகளா" என்றார். காபி மூட்டைகளில் பாதியை இறக்கிவிட்டு, மீதியின் மேல் வைக்கோலும் கம்பளியும் விரித்து அந்தத் தாயைப் படுக்க வைத்தோம். முன்னால் மூன்று முழத்துக்கு மேல் தெரியாத பனிமூட்டம். ஒருவர் டார்ச் விளக்கோடு சாலையின் நடுவில் நடக்க, பின்னால் லாரி ஊர்ந்தது. வளைவுகள் முடியும்வரை அப்படியே போனோம். விடியும்போது சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். முதலாளி மூட்டை இறக்கிய கூலியைச் சம்பளத்தில் பிடித்தார். அதைக்கூடச் சிரித்துக்கொண்டே கொடுத்தோம். அத்தனை பெருமை எங்களுக்கு.

அந்தப் பெருமையை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் நாங்கள் பாதிக் கதை சொன்னவர்கள் ஆவோம்.

1974-ல், அதே மார்கழி மாதம். உர மூட்டையோடு மேலே வந்துகொண்டிருந்தோம். மாலை இருட்டிவிட்டது, தூறலும் பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. மரக்கட்டையை அன்று எங்கோ விட்டுவிட்டோம். இரண்டு பெருங்கற்களைப் பின்சக்கரங்களுக்கு அடியில் வைத்தோம். தண்ணீர் ஊற்றி, ஒரு வழியாக இன்ஜின் பிடித்து வண்டி நகர்ந்தது. நின்றால் மறுபடி கிளம்பாது என்ற பயம். கிளீனர் ஓடி வந்து தொற்றிக்கொண்டார். "கல்லு?" என்று ஒருவர் கேட்டார். "மழையில் எவன் வரப்போகிறான்" என்று இன்னொருவர் சொன்னார். கேட்டது யார், சொன்னது யார் என்று நாங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

எங்களுக்குப் பின்னால் வந்தவர் கம்பவுண்டர் அண்ணன். சேலத்தில் மருந்து வாங்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். அந்நாளைய மோட்டார் சைக்கிள் விளக்கு, இன்ஜின் மெதுவானால் தானும் மங்கிப்போகும். வளைவில் முதல் கல்லில் மோதி, வண்டி அவருடைய இடது காலின் மேல் சாய்ந்தது. பின்னால் வந்த ஒரு வேன்காரர் தூக்கிக்கொண்டு போனார். உயிர் பிழைத்தது. ஆனால் முழங்கால் மடங்கவில்லை. இடது கால் இல்லாதவனுக்கு ஜாவா இல்லை. வண்டியை விற்றுவிட்டார். மருந்துப் பெட்டி அதன்பின் நடந்து போயிற்று. தூரத்துச் சிற்றூர்களுக்குப் போகாமலே நின்றது.

நாங்கள் வாய் திறக்கவில்லை. பணம் போட்டு ஒரு பழைய புல்லட் வாங்கித் தருகிறோம் என்று போனோம். அந்நாளைய புல்லட்டில் உதைப்பதும் கியர் மாற்றுவதும் வலது காலின் வேலை அல்லவா? அவர் சிரித்தார். "கிளப்ப ஒரு கால் இருக்கிறது. பிரேக் இடது பக்கம். நிறுத்த எந்தக் காலைக் கொண்டுவர?" என்றார். தலை குனிந்து திரும்பினோம்.

எட்டு ஆண்டுகள் ஞாயிறுதோறும் அவர் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்குப் பின்னாலேயே உட்கார்ந்தோம். 1982-ஆம் ஆண்டு தவக்காலத்தில், இனி முடியாது என்று ஐவரும் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனோம். சொல்லி முடிக்குமுன் அவர் கையை உயர்த்தினார். "எனக்கு முன்னால் ஏறிய லாரியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தவன்தானே நான்? உங்கள் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா?" என்றார். "பிறகு ஏன் அண்ணே யாரிடமும் சொல்லவில்லை?" என்று கேட்டோம். "சொல்லியிருந்தால் உங்கள் லைசென்சு போயிருக்கும். ராத்திரியில் ஒருவனுக்கு வலி வந்தால் நான் யார் கதவைத் தட்டுவது?" என்றார்.

"பரவாயில்லை" என்ற ஒரு சொல்லை அவர் சொல்லவில்லை. பரவாயில்லாத காரியம் அல்ல அது. "இனிமேல் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு ஏறுங்கள்" என்றார். அவ்வளவுதான்.

அன்று முதல் எந்த வளைவில் கல் கிடந்தாலும், யார் போட்டதாக இருந்தாலும், வண்டியை நிறுத்தி எடுத்துப் போட்டோம். சில இடங்களில் வண்டி மறுபடி ஏற மறுத்தது. ஏற மறுத்தால் காத்திருந்தோம். அவர் இன்று இல்லை. அவர் வீட்டாரின் சம்மதம் பெற்றே இதை உங்கள் முன்னிலையில் முதல் முறையாகச் சொல்கிறோம்.

அன்பு இளைஞர்களே, உங்கள் வண்டிகள் எங்கள் வண்டிகளைவிட எத்தனையோ மேலானவை. பொத்தானைத் தொட்டால் கிளம்புகிறது, விளக்கு பகலாக எரிகிறது. ஆனால் மலை அதே மலை, பனியும் அதே பனி. 2024 ஏப்ரல் 30-ஆம் தேதி இதே பாதையில் ஒரு பேருந்து கவிழ்ந்து உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை. தலைக்கவசம் அணியுங்கள். கியரில் இறங்குங்கள். ஏறுகிறவருக்கு வழி விடுங்கள். எதையாவது அண்டை கொடுத்து நீங்கள் தப்பினால், கிளம்புமுன் அதை எடுத்துவிடுங்கள். பின்னால் வருகிறவர் யார் என்று நமக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.