கூரையில் ஏறிய பட்டு

(கூடுகை விழா மாலை அமர்வில் ஆற்றிய உரை)



இன்ஜினீயர் மைக்கைப் பிடித்தால் பாலம், பாய்லர் என்று ஏதாவது சொல்வான்னு நினைச்சிருப்பீங்க. நான் துணியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

பிரான்சில் ஃபோன்தேன்புளோ அரண்மனையில் ஒரு சீன அருங்காட்சியகம் உண்டு. பேரரசி யூஜெனி 1863-ல் அமைத்தது. அதன் உட்கூரையில் மூன்று பெரிய பட்டுகளைப் பதித்தார்கள். 18-ம் நூற்றாண்டில், ச்சியன்லுங் பேரரசர் காலத்தில் நெய்தவை. புத்த சமய உருவங்கள் கொண்டவை.

இந்த நெசவுக்குப் பெயர் கெஸு. 'வெட்டுப் பட்டு' என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரணத் துணியில் ஊடை நூல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓடும். கெஸுவில் அப்படி இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குட்டி நாடா. அந்த நிறம் எங்கே முடிகிறதோ அங்கேயே திரும்பிவிடும். இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் மெல்லிய கீறல் மாதிரி இடைவெளி. வெளிச்சத்தில் பிடித்தால் கத்தியால் வெட்டினது போலத் தெரியும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் படம் ஒன்றுதான். அப்பேர்ப்பட்ட துணியைக் கூரையில் ஒட்டினால் ஒரு பக்கம் போச்சு. இடைவெளி உள்ள நெசவு, தன் எடையைத் தானே தாங்கித் தொங்கணும். டிசைன் ரிவ்யூவில் நம்ம சார் யாராவது இதுக்குக் கையெழுத்துப் போடுவாரா, சொல்லுங்க!

இது அங்கே போன கதை தெரிந்ததுதான். இரண்டாம் அபினிப் போர், 1860 அக்டோபர். பெய்ஜிங் அருகே யுவான்மிங்யுவான் கோடை அரண்மனையைப் பிரெஞ்சு, ஆங்கிலப் படைகள் சூறையாடின. பிடிபட்ட தூதுக் குழுவினரில் பலர் சீனச் சிறையில் இறந்ததற்குப் பதிலடி என்று எல்ஜின் பிரபு 18-ந் தேதி தீ வைக்கச் சொன்னார். பிரெஞ்சுத் தளபதி மோந்தபான் நெப்போலியனுக்கும் அரசிக்கும் பெட்டி பெட்டியாக அனுப்பினார். அந்தப் படையெடுப்பில் நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸும் இருந்தார்கள். 'பெக்கின் 1860' இன்றும் அவர்களுடைய போர் விருதுகளில் ஒன்று. எனவே, நாம் முழுக்க வெளியாள் இல்லை.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. 1861-ல் சயாம் தூதர்கள் அதே அரண்மனைக்கு வந்து தாங்களே பரிசுகள் கொடுத்தார்கள். யூஜெனி அதையும் இதையும் சேர்த்தே வைத்துவிட்டார். கொடுத்ததும் எடுத்ததும் ஒரே அறையில், ஒரே பளபளப்பில்.

"எங்களிடம் இருந்ததால்தான் பிழைத்தது" என்பார்கள். அதில் பாதி நியாயம் உண்டு. அங்கேயே விட்டிருந்தால் எரிந்திருக்கும். ஆனா எரிச்சது யாரு? பாதுகாப்பு என்றால், 2015 மார்ச்சில் அந்த அருங்காட்சியகத்திலேயே திருடர்கள் புகுந்து சுமார் 15 பொருட்களைச் சில நிமிஷத்தில் கொண்டுபோனார்கள்.

திருப்பித் தர பிரெஞ்சுச் சட்டம் இடம் தராது, அரசுச் சேகரிப்பைப் பிரிக்க முடியாது என்றும் சொல்வதுண்டு. 2020 டிசம்பரில் தனிச் சட்டம் போட்டு, பெனின் நாட்டுக்கு 26 பொருட்களைக் கொடுக்க முடிந்ததே! அடுத்த ஆண்டு நவம்பரில் அவை ஊர் போய்ச் சேர்ந்தன. என்னைக் கேட்டால் பட்டும் போகணும். அதுவரை ஒரு வேலை செய்யலாம்: சயாம் பரிசுக்குப் பக்கத்தில் 'கொடுத்தது', இதுக்குப் பக்கத்தில் 'எடுத்தது' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைக்கட்டும்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாடு ஆறுது.