திரும்பும் வழி தெரியாத கணக்கு



89,681-ஐ 96,079-ஆல் பெருக்கினால் 8,616,460,799 வரும். தாளும் பென்சிலும் போதும், சில நிமிட வேலை. விடையை மட்டும் கையில் கொடுத்து, எந்த இரண்டு எண்களின் பெருக்கம் இது என்று கேட்டால் நாள்கணக்கில் உட்கார வேண்டும். 1874-இல் ஆங்கிலேயப் பொருளியலறிஞர் ஜெவன்ஸ் இதே எண்ணைத் தம் நூலில் கொடுத்து, இதன் விடை தம்மைத் தவிர யாருக்கும் தெரியவராது என்ற பொருளில் எழுதினார். கொஞ்சம் அதிகத் துணிச்சல்தான். உங்கள் கைப்பேசி இன்று ஒரு நொடிகூட எடுக்காது. ஆனால் எண்ணை அறுநூறு இலக்கங்களுக்கு நீட்டுங்கள். பெருக்குவதை அதே கைப்பேசி செய்யும். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த அப்படிப்பட்ட எண்ணைத் திரும்பப் பகுப்பதை இன்றுவரை எந்தக் கணினியும் செய்ததில்லை.

1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் இந்த ஏற்றத்தாழ்வைப் பூட்டாக்கினார்கள். பெருக்கி வந்த எண்ணை ஊரறியச் சொல்லலாம். அதைக்கொண்டு யாரும் பூட்டலாம். திறக்க, உள்ளேயிருக்கும் இரண்டு பகா எண்கள் தெரிய வேண்டும்; அவையே அந்தரங்கச் சாவி. இதையே திருப்பிப் போட்டால் கையொப்பம்: ஒருவர்தான் இட முடியும், எல்லாரும் சரிபார்க்கலாம்.

நம் மலேசியா இதை வெகு சீக்கிரமே சட்டமாக்கியது. 1997-இன் இலக்கவியல் கையொப்பச் சட்டம் 1998 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தரங்கச் சாவி அதை வைத்திருப்பவரின் சொந்தச் சொத்து என்றே அது சொல்கிறது. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் கடமையும் அவருடையது. நல்ல சட்டம். ஆனால் அந்தச் சொத்துக்கு அடியில் இருக்கும் நிலம் எது? பகுப்பது கடினம் என்று இதுவரை ஒருவரும் நிரூபித்ததில்லை. பலர் முயன்று தோற்றிருக்கிறார்கள், அவ்வளவே. ஓர் ஒருவழிச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள்: எதிர்த்திசையில் வண்டி வராதது, பின்னால் சந்தே இல்லை என்பதற்குச் சான்றாகாது.

சில சந்துகளை மட்டும் அடைத்துக் காட்ட முடிந்திருக்கிறது. அவற்றில் ஒன்று சென்னையில் நடந்தது. பகுப்பை நம்பாத இன்னொரு பூட்டு நீள்வட்ட வளைவரையை நம்புகிறது. அதில் ஒரு புள்ளியைத் தன்னோடு தானே பலமுறை கூட்டுவது சுலபம். விடையைப் பார்த்து எத்தனை முறை என்று சொல்வது கடினம். மெனேசஸ், ஒகமோட்டோ, வான்ஸ்டோன் ஆகியோர், சில வளைவரைகளில் இந்தக் கணக்கை வேறோர் எளிய கணக்காக மாற்றிவிடலாம் என்று கண்டார்கள். தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். பாலசுப்பிரமணியன், நீல் கோப்லிட்ஸோடு சேர்ந்து 1998-இல் வெளியிட்ட கட்டுரை, குருட்டாம்போக்கில் எடுத்த வளைவரைக்கு அந்த வித்தை பலிக்கும் வாய்ப்பு மிகமிகச் சொற்பம் என்று நிறுவியது. ஒரு சந்து அடைபட்டது. மற்றவை பற்றி அது பேசவில்லை.

இங்கே செர்டாங்கில், புத்ரா பல்கலைக்கழகத்தின் முகமட் ரெசால் கமல் அரிஃபினும் குழுவினரும் ஏஏ-பீட்டா என்ற பூட்டு முறையை உருவாக்கினார்கள். ஒரு பகா எண்ணின் வர்க்கத்தை இன்னொரு பகா எண்ணால் பெருக்கி வரும் எண்ணைப் பகுக்கும் கடினத்தை அது நம்புகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இத்தகைய வேலை நடப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி வந்தால் பகுப்பு எளிதாகிவிடும் என்று பீட்டர் ஷோர் 1994-இலேயே காட்டிவிட்டார். ஆகவே மாற்றுப் பூட்டுகளுக்கு அமெரிக்கத் தர நிறுவனம் பல ஆண்டுகள் போட்டி நடத்தியது. அதில் நான்காம் சுற்றுவரை வந்த 'சைக்' என்ற முறையை, 2022-இல் காஸ்ட்ரிக், டெக்ரு என்ற இரு பெல்ஜிய ஆய்வாளர்கள் சாதாரணக் கணினியின் ஒற்றைச் செயலகத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். வல்லுநர்கள் பத்தாண்டு கூர்ந்து பார்த்த பூட்டு அது.

இந்தக் கூட்டத்தில் இருக்கும் அறக்கட்டளைக் குடும்பத்தார் ஒரு பரிசு வைப்பதாகக் கேள்விப்பட்டேன். புதுப் பூட்டு செய்பவருக்குத் தருவதைவிட, ஒரு பூட்டை நேர்மையாக உடைத்துக் காட்டும் நம் மாணவருக்குத் தாருங்கள்.