குழந்தையின் காலும் மூன்று நாள் கெடுவும்

(மாவட்ட அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)

சாலை விபத்துப் புள்ளிவிவரங்களில் இறந்தோரின் தொகையே முதலில் கருத்தைக் கவர்கிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். காயமுற்றோருள் குழந்தைகளும் அடங்குவர். சக்கரத்தில் சிக்கிச் சிதைந்த ஒரு குழந்தையின் காலைக் காப்பது மருத்துவப் பணி மட்டுமன்று. நிருவாகப் பணியும் ஆகும்.

கீழ்க்காலின் முன்புறத்தில் எலும்பை மூடியிருப்பது தோல் ஒன்றே. அது கிழிந்து, எலும்பின் மேலுறையும் அழிந்துவிட்டால், வெறும் தோலை ஒட்டினால் பிடிப்பதில்லை. கணுக்காலை அடுத்த பகுதியில், அருகிலிருந்து திருப்பி மூடுவதற்குப் போதிய தசையும் இல்லை. ஆகவே முதுகிலிருந்தோ தொடையிலிருந்தோ திசுவை அதன் தமனி, சிரைகளுடன் எடுத்து, காலின் இரத்தக் குழாய்களோடு நுண்ணோக்கியின் துணையால் இணைக்கின்றனர். ‘ஃப்ரீ ஃபிளாப்’ எனப்படும் இம்முறையால் காலில் திசுக் குறையை மூடியதை 1973இல் மெல்போர்ன் நகர மருத்துவர்களான டெய்லரும் டேனியலும் வெளியிட்டனர். குழந்தைகளின் குழாய்கள் மிகச் சிறியவை என்ற அச்சம் தொடக்கத்தில் இருந்தது. எனினும் புகைப்பழக்கம், நீரிழிவு போன்றவற்றால் அவை கெட்டிருப்பதில்லை. தேர்ந்த கைகளில் நல்ல பலனே கிட்டுகிறது.

இங்கு காலமே தலையாய காரணி. யுகோஸ்லாவியாவின் லியுப்லியானா நகர மருத்துவர் மார்கோ கொடினாவின் ஆய்வு 1986இல் வெளிவந்தது. அவர் சிகிச்சை அளித்த பல வயதினரான 532 நோயாளிகளுள், 72 மணி நேரத்திற்குள் திசு பொருத்தப்பட்டோரில் தோல்வி 0.75 விழுக்காடு, அதன் பின் மூன்று மாதங்களுக்குள் பொருத்தப்பட்டோரில் 12 விழுக்காடு. சீழ்த்தொற்று முறையே 1.5, 17.5 விழுக்காடு. இன்றைய எதிர்மறை அழுத்தக் கட்டு சிறிது அவகாசம் தரலாம். அறுவைக்கு அது ஈடாகாது.

காலை அகற்றுவது செலவு குறைந்த வழி என்பது மேலோட்டமான கணக்கு. வளரும் குழந்தைக்குச் செயற்கைக் காலை மீண்டும் மீண்டும் மாற்றுதல் வேண்டும். எஞ்சிய எலும்பு நீண்டு தோலைத் துளைத்தால் மறு அறுவையும் நேரிடும். அதன் உழைப்புக் காலமோ இன்னும் தொடங்கவேயில்லை. ஆனால் குழாயும் நரம்பும் முற்றிலும் அழிந்த காலை வீம்புக்காகக் காப்பதும் அறிவுடைமை ஆகாது. அம்முடிவை எலும்பு மருத்துவரும் ஒட்டறுவை மருத்துவரும் முதல் நாளே கூடி எடுத்தல் நலம்.

நிதிக்கு வழி உண்டு. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை அளிக்கிறது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட விபத்துச் சிகிச்சைத் திட்டம் 7 நாள்களுக்கு 1.5 இலட்சம் ரூபாய் வரை ஏற்கிறது. ஆயின் மூன்றாவது நாளுக்குப் பின் வந்து சேரும் குழந்தைக்கு எந்தத் தொகையும் இழந்த காலத்தை மீட்டுத் தராது. எந்த மருத்துவமனையில் நுண் அறுவை வசதி உள்ளது, யாரிடம் தொலைபேசியில் கேட்பது, எந்த ஊர்தியில் அனுப்புவது என்ற மூன்று விவரங்களும் ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் விபத்து நிகழுமுன்னரே எழுதி வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை, முன்யோசனையே தேவை.