கோழி இறகும் செல்வமே



கோழி உரித்தபின் இறகை வாய்க்காலில் எறிகின்றோம்; அன்றேல் எரித்துவிடுகின்றோம். எறிந்தால் நீர் கெடும். எரித்தால் நைதரசன் புகையோடு போகும். உலர்ந்த இறகில் பத்தில் ஒன்பது பங்கு கெரற்றின் என்னும் புரதமாகும். 100 கிலோ இறகில் 12 கிலோவுக்குக் குறையாத நைதரசன் உண்டு.

கந்தகப் பிணைப்புகள் இப்புரதத்தை இறுகக் கட்டியிருப்பதால் இறகு எளிதில் உக்குவதில்லை. இவ்வுறுதியை விஞ்ஞானிகள் பயனாக்கினர். 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெபிராஸ்காப் பல்கலைக்கழகத்தார், இறகுத் தூளுடன் மெதைல் அக்கிரிலேற்று என்னும் இரசாயனப் பொருளை இணைத்து, சூட்டில் இளகும் கலப்புப் பிளாஸ்டிக்கை ஆக்கிக் காட்டினர். அஃது ஆய்வுகூடத்துக்குரிய வேலை, வீட்டில் முயலற்க.

நாம் செய்யத்தக்கது கூட்டெரு. இறகை ஓரிரவு நீரில் ஊறவைத்து, வைக்கோல், சாணம், இலைகுழை ஆகியவற்றுடன் படைபடையாக அடுக்குக. நாயும் ஈயும் அணுகாவண்ணம் மேலே மண்ணிட்டு மூடுக. ஈரம் குறையாது காத்து, இடையிடையே புரட்டுக. இறகு உருத்தெரியாது உக்குவதற்குச் சில மாதங்கள் செல்லும். அதுவரை பொறுத்திருத்தல் வேண்டும். நோயால் இறந்த கோழியின் இறகைச் சேர்த்தல் ஆகாது. இவ்வெருவை மரக்கறிப் பாத்திக்கு இட்டால், அது மெல்லமெல்ல நைதரசனை அளிக்கும்.

பணம் கொடுத்து யூரியா வாங்கும் நாம், கையிலுள்ள நைதரசனை வாய்க்காலில் விடுதல் தகுமோ?